வேங்கை மரத்தடிச் சாட்சி

ஆண்டுக்கு ஒரு நாள், சித்திரா பௌர்ணமி அன்று, மங்கலதேவி மலைக்கு வழி திறக்கிறது. கூடலூர் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. குமுளி வழியாக ஜீப்பில் போகிறவர்களும் உண்டு. மேலே, தமிழகமும் கேரளமும் வழக்காடும் எல்லையில், சிதைந்த கருங்கல் மண்டபங்களாகக் கண்ணகி கோயில் நிற்கிறது. சேரன் செங்குட்டுவன் எடுத்த கோட்டம் இதுவே என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963-இல் அடையாளம் காட்டினார். கொடுங்கல்லூர்தான் என்பாரும் இருக்கிறார்கள். எது எப்படியானாலும், கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அவள் தங்கள் மலை மேல் இருப்பவள்.

அந்த மலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணகிக்கு முன்னால் குன்றக் குறவர்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். கோவலன் கொலையுண்ட பதினான்காம் நாள், வேங்கை மர நிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணை முதலில் கண்டவர்கள் அவர்கள். அவள் கணவனோடு விண்ணேறியதைக் கண்டதும் குரவை ஆடிப் பாடியவர்களும் அவர்களே. பேரியாற்றங்கரைக்கு வந்த செங்குட்டுவனிடம், காட்டுப் பொருள்களைக் காணிக்கையாக வைத்துவிட்டு, அவர்களே அந்தச் செய்தியைச் சொன்னார்கள். சாத்தனார் முன்கதை சொன்னதும், இளங்கோ காப்பியம் செய்ததும் அதற்குப் பிறகு. மதுரை அரண்மனையில் பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லே சாட்சியாகி ஓர் உயிரைக் குடித்தது. எழுத்தோ பதவியோ இல்லாத மலைமக்கள் கண்டு சொன்ன சாட்சியோ ஒரு தெய்வத்தைத் தந்தது. கதைப்பாடலின் பிறப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். அநியாயத்தைக் கண்டவர்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாதபோது கதை பாட்டாகிறது.

காப்பியம் அரசவை ஏறிய பிறகும் கதை மக்களிடமே தங்கிவிட்டது. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் 'கோவலன் கதை' பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்றது. அதில் கண்ணகி காளியின் அவதாரம். பாண்டியனுக்கே மகளாய்ப் பிறந்து பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டவள். தன்னைத் தள்ளிய ஊரை அவள் எரித்தாள் என்று கேட்கும்போது கதையின் நியாயமே வேறு கனம் பெறுகிறது. 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் இதே கதையை நாடகமாக்கினார். மதுரை, தேனிச் சீமையில் அது விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ஆனது. பாய் விரித்து, பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு பார்த்த பெண்கள், கோவலன் சிலம்போடு கிளம்பும் இடத்தில் "போகாதடா" என்று வாய்விட்டுச் சொல்லி அழுததைக் கேட்டு வளர்ந்தவன் நான். முடிவு தெரிந்த கதைக்குத்தான் அப்படி அழ முடியும்.

மலைக்கு அந்தப் பக்கமும் இதே பாட்டுதான். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பகவதி கோயிலில் தோற்றம்பாட்டாகக் கண்ணகி கதையைப் பாடுகிறார்கள். பாண்டியன் மடியும் பகுதி முடிந்த பிறகே பொங்கல் அடுப்பு மூட்டப்படுகிறது. கடல் தாண்டி இலங்கையில், மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது 'கண்ணகி வழக்குரை' படிக்கிறார்கள். சிங்களவர்களிடம் அவள் பத்தினித் தெய்வம். எங்கும் கதை ஒன்றுபோல் இல்லை. எங்கும் மாறாதது ஒன்று: விசாரிக்காமல் கொன்ற அரசன் குற்றவாளி.

ஆனால் பாட்டுக்கும் நெருக்கடி உண்டு. நெல்லைச் சீமை முத்துப்பட்டன் கதையை ஆராய்ந்த நா. வானமாமலை அதைக் காட்டியிருக்கிறார். பிராமணனான முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்தவன். பின்னால் வந்த வடிவங்களில் அந்தப் பெண்களே பிராமணக் குழந்தைகளாகி, வாலப்பகடை எடுத்து வளர்த்தவன் ஆகிவிடுகிறான். சாதி மீறிய காதலைப் பொறுக்காதவர்கள் பாட்டுக்குள் கைவைத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய வடிவம் வேறொரு வாயில் பிழைத்திருந்ததால்தான் இந்தத் திருத்தம் பிடிபட்டது.

இப்படிப் பல வடிவங்களையும் காத்துவைப்பதன் அருமையை வேறொரு நாட்டிலும் காணலாம். அமெரிக்கப் பேராசிரியர் பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட் 1882 முதல் 1898 வரை வெளியிட்ட தொகுப்பில் 305 ஆங்கில, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் இருக்கின்றன. ஒரே பாட்டின் பல வடிவங்களை அருகருகே அச்சிட்டதுதான் அவர் செய்த பெரிய காரியம். இதுதான் மூலம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளியிருந்தால், பாடியவர்களின் மனசாட்சியையே தள்ளியிருப்பார்.

நம் பள்ளத்தாக்கில் கும்மியும் ஒப்பாரியும் தாலாட்டும் அறிந்த கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். உத்தமபாளையத்திலும் சின்னமனூரிலும் ஒரே கதை இரண்டு விதமாகச் சொல்லப்பட்டால் இரண்டையும் பதிவு செய்யவேண்டும். பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், யார் கேட்கப் பாடினார் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும். கைபேசி எல்லோர் கையிலும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளே இதைச் செய்யலாம். குன்றக் குறவர் சொன்னதைக் கேட்க ஓர் அரசன் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தான். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்க நமக்கு என்ன தடை?