சிரிக்கப் பயம்

அத்தையோட ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சு.
சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டார்.

அத்தை முகத்துல சிரிப்பே இல்ல. கவரை நாலா மடிச்சு மஞ்சப்பைக்குள்ள செருகிக்கிட்டே,
"இப்பவே சந்தோஷப்பட்டுடாதடி. ரொம்பச் சிரிச்சா அப்புறம் அழணும்"னாங்க.

எனக்கு உடனே மிஷெல் நியூமன் ஞாபகம்தான் வந்தது.
அமெரிக்காவுல பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியர். பதற்றம், கவலை பத்தித்தான் காலமெல்லாம் ஆராய்ச்சி.

2011ல சான்ட்ரா லெராவோட சேர்ந்து ஒரு கருத்தை முன்வச்சாங்க. ஓயாம கவலைப்படறவங்க ரொம்பப் பயப்படறது, நல்லா இருக்கும்போது சட்டுனு மனசு உடைஞ்சு விழறதுக்குத்தானாம். அதனால கவலையிலயே இருந்துடறாங்க. விழுந்தாலும் உயரம் கம்மி.

மாமா போன செய்தி தீபாவளி அன்னிக்குக் காலையில வந்தது. அத்தை அப்போ புதுப்புடவையில, எல்லாருக்கும் அதிரசம் எடுத்து வச்சுக்கிட்டிருந்தாங்க.
அன்னிலேர்ந்து இப்படித்தான்.

2020ல நியூமனும் லூகஸ் லாஃப்ரெனியரும் இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. தீராத கவலை நோய் இருக்கிற 29 பேர் தங்களோட கவலைகளை எழுதி வச்சு, நடந்துச்சான்னு பார்த்தாங்க. 91.4 சதவீதம் நடக்கவே இல்ல. சின்ன ஆய்வுதான், ஆனா எனக்கு அது பெரிய ஆறுதல்.

அத்தைக்கு இந்தக் கணக்கு போதாது. அவங்க விழுந்தது கவலைப்படாம இருந்த ஒரு நாள்ல.

சந்தோஷத்துல இருக்கும்போது அடிபட்டவங்க மறுபடி பயமில்லாம சிரிக்க என்ன செய்யலாம்?
உங்க வீட்ல யாராவது அப்படி மீண்டு வந்திருக்காங்களா?