பழைய வண்டியும் பகுத்தறிவும்

நம்மவருள் பேனா பிடிப்பவன் மேலோன் என்றும், ஸ்பானர் பிடிப்பவன் கீழோன் என்றும் ஓர் எண்ணம் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. தோட்டத்திலே இது இன்னும் வெளிப்படை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்கு நாற்காலி உண்டு. பட்டறையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுபவன் நாற்பதாண்டு அனுபவசாலியாயினும் அவனுக்கு வாசற்படியே. ஆங்கில வழியிற் பயின்று கிராணி உத்தியோகம் பார்க்கும் நாம் இதை அன்றாடம் கண்ணாற் காண்கிறோம்.

நம் தந்தையார் செபராங் பிறைத் தோட்டமொன்றில் பட்டறைத் தொழிலாளியாயிருந்தவர். மானேஜரின் காரைப் பல்லாண்டு பழுதுபார்த்தார். மானேஜர் ஊர் திரும்புங்கால் அக்காரை அவருக்கே குறைந்த விலைக்கு விட்டுச் சென்றார். அது 1966ஆம் ஆண்டில் செய்த எம்.ஜி.பி. என்னும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். தந்தையார் எஞ்சின் மூடியைத் திறக்கும்போது நாம் அருகே சென்றால், "நீ போய்ப் படி ஐயா, எண்ணெய்க் கை என்னோடு போகட்டும்" என்பார். அன்பினாற் சொன்ன சொல்தான். ஆயினும் அவர் கற்ற வித்தையும் அவரோடே போகவிருந்தது. அவர் காலமானபின், ஜார்ஜ் டவுனில் நம் வீட்டுத் தகரக் கொட்டகையில் வண்டி மூன்றாண்டு துணி போர்த்துக் கிடந்தது. பழைய இரும்பு வாங்குபவர் வந்து விலை பேசினார். வீட்டார் இசைந்தனர். நாம் ஒரு மாதத் தவணை கேட்டோம்.

இவ்வகை வண்டிகள் இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. நான்கு சிலிண்டர், 1798 கன சென்டிமீட்டர் எஞ்சின், நம் வண்டியிலுள்ளதுபோல் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். கம்ப்யூட்டர் என்பது மருந்துக்கும் இல்லை. உறுப்புகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். ஒன்று மாத்திரம் நினைவிற் கொள்ளத்தக்கது. 1967க்கு முந்திய வண்டிகளில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைந்திருக்கும். இக்கால வழக்கப்படி மாற்றி இணைத்தால் கேடு விளையும்.

தந்தையாரோடு ஒரே பட்டறையில் உழைத்த சிற்றப்பா துணைக்கு வந்தார். முதலில் பிரேக்கைச் சீர்செய்தோம். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் இருத்தல் கூடுமாதலால், தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தோம். கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, பாட்டரிகளை மாற்றியதும் எஞ்சின் உயிர்பெற்றது. ஆனால் பாலிக் புலாவ் செல்லும் மலைச்சாலையில் பாதி ஏறியதும் நின்றுவிட்டது. அரைமணி கழித்துத் தானே ஓடிற்று. மறுநாளும் அவ்வாறே.

உடனே வைத்தியர் பலர் தோன்றினர். இந்நாட்டு வெயிலிற் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது, ஈரத்துணி சுற்றுக என்றார் அண்டைவீட்டார். சுற்றினோம், சற்று நேரத்தில் ஓடிற்று. கண்ணேறு பட்டது, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின்கீழ் வைத்து நசுக்குக என்றார் அத்தையார். அவர் மனம் நோவானேன் என்று அதையும் செய்தோம், அப்போதும் ஓடிற்று. கார்புரேட்டர், பம்பு யாவும் புதிதாக வாங்குக என்றார் உதிரிப்பொருள் வியாபாரி. அதைச் செய்ய நம்மிடம் பணமில்லை.

வாசகர் இவ்விடத்தைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஆறியபின் எப்படியும் ஓடக்கூடிய வண்டிக்கு எதைச் செய்தாலும் அது மருந்துபோலவே தோன்றும். ஈரத்துணிக்காரரும் வென்றார், எலுமிச்சம்பழமும் வென்றது. உலகில் எத்தனையோ நம்பிக்கைகள் இவ்வாறே சான்றுகள் பெற்று நிலைக்கின்றன.

சிற்றப்பா பள்ளியில் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் சொன்னது இது: "தம்பி, சூட்டில் வருகிற நோயைச் சூட்டிலேதான் பார்க்கவேண்டும். ஆறவிட்டால் அது ஒளிந்துகொள்ளும்." ஆகவே திறந்த முற்றத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டோம். நின்றதும் சோதனை தொடங்கிற்று. எஞ்சினுக்கு வேண்டியவை காற்று, பெட்ரோல், தீப்பொறி. சாவியைத் திருப்பியதும் பின்புறத்து மின்சாரப் பம்பு டிக்டிக்கென்றது. கார்புரேட்டர்க் குழாயைக் கழற்றிப் புட்டியிற் பிடித்தோம், பெட்ரோல் தடையின்றி வந்தது. (இவ்வண்டியில் கார்புரேட்டரும் கொதிக்கும் புகைக்குழாயும் ஒரே பக்கம் இருப்பதால், தீயணைக்கும் கருவியின்றி இதனைச் செய்யலாகாது.) எனவே பெட்ரோல் குற்றவாளியன்று. குழாயைப் பூட்டி, புட்டியை அகற்றி, யாவும் உலர்ந்தபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எஞ்சினோடு சேர்த்து வைத்துச் சுழற்றினோம். காலையில் நீலமாகப் பளிச்சிட்ட பொறி, இப்போது மஞ்சளாக மங்கித் துடித்தது.

பொறி உண்டாகும் வகை இது. காயிலில் மின்சாரம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்டுகள் பிரிந்ததும் அப்புலம் சட்டென்று சரிய, ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. பிரியும் பாயிண்டுகளுக்கிடையே மின்சாரம் தாவாதபடி அதனை ஏற்றுக்கொள்வது கண்டென்சர் என்னும் விரல்நுனியளவுக் குப்பி. முதுமையால் அதன் உட்காப்பு தளர்ந்தால், குளிர்ந்திருக்கையில் வேலைசெய்து, சூடேறியதும் மின்சாரத்தை ஒழுகவிடும். பாயிண்டுகளின் முகம் கருகியிருந்தது. பாயிண்டுகளையும் காயிலையும் தொடாமல் கண்டென்சரை மட்டும் மாற்றினோம். சூடாயிருக்கும்போதே எஞ்சின் முழங்கிற்று. சிற்றப்பா அத்துடன் விடவில்லை. பழையதை மீண்டும் பூட்டச் செய்தார். சூடேறியதும் வண்டி நின்றது. புதியதைப் பூட்டினார், மறுபடியும் ஓடிற்று. அதன்பிறகே கருகிய பாயிண்டுகளை மாற்றி, இடைவெளியை 0.015 அங்குலமாக வைத்தோம். ஞாயிறன்று வண்டி நில்லாமல் மலையேறி இறங்கிற்று. இரும்புக்காரரை வீட்டாரே திருப்பியனுப்பினர்.

இஃது ஏதோ ஏழைப் பட்டறையின் தந்திரமன்று. விஞ்ஞானசாலைகளின் முறையும் இதுவே. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல், குணமானபின்னும் ஐயுற்றுத் திருப்பிச் சோதித்தல். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்றவர். யந்திரங்களைப் பிரித்துப் பூட்டியே கற்றார். 1920இல் பஸ் ஓட்டத் தொடங்கியவர், 1937இல் மின்சார மோட்டார் செய்விக்கும் நிலைக்கு உயர்ந்தார். அவர் பெயரால் இன்று அந்நகரில் மோட்டார் வண்டிக் காட்சிச்சாலை இருக்கிறது. பட்டமே அறிவென்பார்க்கு அவர் வாழ்வே விடை.

நிற்க. தோட்டங்கள் வீட்டுமனைகளாகின்றன, பழைய பட்டறைகள் மூடப்படுகின்றன. சிற்றப்பாவைப் போன்றோர் நகரத்து அடுக்குமாடிகளில் வேலையற்று உட்கார்ந்திருக்கின்றனர். அவர்தம் அறிவு எந்த ஏட்டிலும் இல்லை. படித்த இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர்களுக்குக் கொடுப்பார்களாக. கையில் எண்ணெய் படியட்டும், கற்றதை மாலையில் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். நாம் இதுவரை நாற்பது பக்கம் எழுதியிருக்கிறோம். கியர்ப்பெட்டி இன்னும் மிச்சமிருக்கிறது.