உடைந்துள்ளது

போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் நண்பர் ஒருவர் 'உலக இலக்கியத்தின் மைல்கற்கள்' என்று ஒரே ஒரு ஸ்லைடு போட்டுக் காட்டினார். இடமிருந்து வலமாக ஒரு கோடு. கில்காமேஷ், ஹோமர், சங்கப் பாடல்கள், கெஞ்சியின் கதை, டான் கிஹோட்டே என்று புள்ளிகள். பார்க்க எம்ஆர்டி வரைபடம் மாதிரியே இருந்தது. இலக்கியம் ஜூரோங்கில் ஏறி, எங்கேயும் தடைபடாமல், பாசிர் ரிஸில் வந்து இறங்கிவிட்ட மாதிரி.

எனக்கு அந்தக் கோட்டின் மேல்தான் சந்தேகம். நான் பார்க்கும் வேலை அப்படி. ஒரு தரவு மையத்தில் பேக்கப் பிரிவில் இருக்கிறேன். எதையாவது காட்டி "இது பத்திரமா இருக்கு" என்று யாராவது சொன்னால், "எத்தனை பிரதி? எங்கே?" என்று கேட்பதற்குத்தான் சம்பளம்.

முதல் புள்ளியையே எடுத்துக்கொள்வோம். கில்காமேஷ் கதைகள் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டு பழையவை. சரி. ஆனால் ஆப்பெழுத்தை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் செத்துப்போனபின், சுமார் 1800 ஆண்டுகளுக்கு அதைப் படிக்க உலகத்தில் ஒருவர்கூட இல்லை. கம்பனுக்குத் தெரியாது. ஷேக்ஸ்பியருக்குத் தெரியாது. டால்ஸ்டாய் 'போரும் அமைதியும்' எழுதி முடித்த 1869இல்கூட யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் அந்தப் புள்ளியைக் கோட்டின் எந்தப் பக்கம் வைப்பது?

நான் 1872இல் வைப்பேன். ஜார்ஜ் ஸ்மித் என்று ஒருவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, லண்டனில் பணத்தாள் அச்சுக்கு செதுக்குவேலை பழகப் போனவர். மதிய உணவு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்க் களிமண் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். பார்த்துப் பார்த்தே ஆப்பெழுத்து படிந்துவிட்டது. மியூசியம் அவரை வேலைக்கே எடுத்துக்கொண்டது. இன்றைய மொசூல் அருகே, நினிவே நகரின் இடிபாடுகளில் தோண்டியெடுத்து வந்த துண்டுகள் அங்கே ஆயிரக்கணக்கில் கிடந்தன. அவற்றில் ஒன்றில் பெருவெள்ளமும் கப்பலும் பறவையும் வருவதைக் கண்டுபிடித்தார். அது கில்காமேஷின் பதினோராம் பலகை. அந்த டிசம்பரில் லண்டனில் அதைப் படித்துக் காட்டினார். கதையில் ஒரு துண்டு குறைந்தது. ஒரு செய்தித்தாள் செலவை ஏற்றுக்கொள்ள, மறு ஆண்டே நினிவேக்குப் போய்த் தோண்டி, விட்டுப்போன துண்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இதை எழுதினால் நாவலில் நம்ப மாட்டார்கள். 1876இல், முப்பத்தாறு வயதில், அங்கே போன இன்னொரு பயணத்தில் அலெப்போவில் இறந்துபோனார்.

அந்தப் பலகைகள் அசூர்பானிபால் என்ற அரசன் சேர்த்த நூலகத்தைச் சேர்ந்தவை. பாபிலோனியா எங்கும் ஆள் அனுப்பி, கோயில்களிலும் அறிஞர்கள் வீடுகளிலும் இருந்ததைத் திரட்டிப் படி எடுக்கச் சொன்னவன். கி.மு. 612இல் பகைவர்கள் நினிவேயைக் கொளுத்தினார்கள். நூலகம் இடிந்து விழுந்தது. ஆனால் களிமண்ணுக்குத் தீ என்றால் சூளை. பல பலகைகள் அந்தத் தீயிலேயே வெந்து இறுகிவிட்டன.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. பழைய பலகையைப் பார்த்துப் படி எடுக்கும் எழுத்தர், மூலம் சிதைந்திருக்கும் இடத்துக்கு வந்தால் என்ன செய்வார்? ஊகித்து நிரப்பலாம். தாண்டிப் போகலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அவர்கள் அந்த இடத்தில் பொடியாக 'ஹெபி' என்று எழுதியிருக்கிறார்கள். 'உடைந்துள்ளது' என்று அர்த்தம். சில இடங்களில் 'புதிய உடைவு' என்றுகூட இருக்கும். எங்கள் அலுவலகத்தில் பிழைப்பதிவு எழுதச் சொன்னால் அழுகிற ஆட்களுக்கு இதை ஒருநாள் காட்ட வேண்டும்.

நம்மிடமும் இது உண்டு. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். அதில் 267, 268ஆம் பாடல்கள் கிடையாது. கிடைக்கவில்லை. ஆனால் 269ஐ 267 ஆக்கிக் கணக்கை நேராக்கிவிடவில்லை. எண் அப்படியே நிற்கிறது, பாட்டு இல்லை. பதிற்றுப்பத்திலும் முதல் பத்தும் பத்தாம் பத்தும் அகப்படவில்லை. நூல் இரண்டாம் பத்தில்தான் தொடங்குகிறது. ஓலைக்குத் தீ சூளை இல்லை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில் சுவடிகளைத் தேடிப் போனபோது, பழுதான ஏடுகளை ஆகமப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே சொன்னதை அவரே எழுதியிருக்கிறார். அசூர்பானிபாலின் எதிரிகள் இலக்கியத்துக்குச் செய்த நன்மையைக்கூட நம் பக்தர்கள் செய்யவில்லை.

அவர் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தது 1887இல். தமிழ் இலக்கிய வரலாற்றில் இந்த ஆண்டை எல்லோரும் அடிக்கோடிடுவார்கள். அதே 1887இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபுவின் 'சிங்கை நேசன்' வார இதழ் தொடங்கியது. சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' அச்சானதும் அதே ஆண்டுதான். அதற்கு முன்னால், 1875இல், 'சிங்கை வர்த்தமானி' என்று ஒரு பத்திரிகை வந்ததாகப் படிக்கிறோம். அது நமக்குப் பெயராக மட்டும் நிற்கிறது. நம்முடைய ஹெபி.

இடையில் என்ன நடந்தது? 1886இல் நீரிணைக் குடியேற்ற அரசு நூல் பதிவுச் சட்டம் ஒன்று போட்டது. இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் மூன்று பிரதி அரசிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போகும். எங்கள் தொழிலில் 3-2-1 என்று ஒரு பாலபாடம் உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில். வெள்ளைக்காரன் தமிழ் மேல் ஆசைப்பட்டு இதைச் செய்யவில்லை. எவன் எந்த மொழியில் என்ன அச்சடிக்கிறான் என்று பார்க்கும் நோக்கமும் கலந்திருக்கும். இருந்தாலும், நண்பரின் ஸ்லைடில் நான் ஒரு புள்ளி சேர்க்கலாம் என்றால், எந்தக் கவிஞரையும் விட்டுவிட்டு இந்தச் சட்டத்தைத்தான் சேர்ப்பேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அச்சுக்கு இப்போது பெரிய கவலை இல்லை. 2015இல் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் தொண்டூழியர்கள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்து, ஐம்பதாண்டு சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவம் ஆக்கிவிட்டார்கள். என் பயமெல்லாம் அச்சுக்கே வராத எழுத்தைப் பற்றி. என் வயதுக்காரர்கள் எழுத ஆரம்பித்ததே இணைய இதழ்களில்தான். 2019இலிருந்து தேசிய நூலக வாரியம் '.எஸ்ஜி' என்று முடியும் தளங்களை அனுமதி கேட்காமலே சேகரித்து வைக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. நல்லது. ஆனால் தமிழ் இதழ்களில் எத்தனை '.எஸ்ஜி'? வருடச் சந்தா மலிவு என்று நாம் வாங்கியதெல்லாம் '.காம்'.

பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படித்தபோது அப்படி ஒரு '.காம்' இதழில் ஒரு சிறுகதை படித்தேன். வீவக வீட்டு மின்தூக்கியில் சிக்கிக்கொண்ட இரண்டு பேர், மாமியாரும் மருமகளும். நாற்பது நிமிடம் பேசவே மாட்டார்கள். கதவு திறந்ததும் மருமகள் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அந்த வார்த்தை எனக்கு மறந்துவிட்டது. தேடிப் போனால் அந்த முகவரியில் இப்போது யாரோ காலணி விற்கிறார்கள். எழுதிய அக்காவைத் தேக்காவில் பார்த்தபோது கேட்டேன். "பழைய லேப்டாப்ல இருந்துச்சு தம்பி, அது போனப்பவே போச்சு" என்றார். "கடைசி வார்த்தை என்னக்கா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்கும் நினைவில்லை.

அன்றிரவு ஒரு விரிதாள் திறந்தேன். கதையின் பெயர், எழுதியவர், இதழ், ஆண்டு, நிலை என்று ஐந்து பத்திகள். படிக்கக் கிடைப்பவற்றை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறேன், எழுதியவர்களிடம் கேட்டுக்கொண்டுதான். திறக்காத சுட்டிகளையும் நீக்குவதில்லை. வரிசை எண் அப்படியே இருக்கும். நேற்றுவரை 212 வரிகள். அதில் நாற்பத்தொன்றுக்கு நேரே 'கிடைக்கவில்லை' என்று இருக்கிறது. உங்களிடம் ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்.