வரிசையில் விடுபட்டவன்

வருகைப் பதிவேட்டைக் கையில் எடுக்கும் ஆசிரியனுக்கு எண்ணிக்கை பிழைக்கலாகாது. முப்பதாண்டுக் காலம் நாள்தோறும் பிள்ளைகளை எண்ணியவன் நான். ஆயினும் ஒரு நாள் மூவரைத் தவறவிட்டேன். அதை எனக்கு உணர்த்தியவர் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர்.

ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டார ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் மூன்றாம் வகுப்புப் பயின்ற 1979ஆம் ஆண்டில் எங்கள் வகுப்பைப் படம் பிடித்தனர். வரிசைக்குப் பதினால்வராக, மூன்று வரிசையில் 42 பேர் நின்றோம். பின்னர்த் தோட்டம் செம்பனைக்கு மாறியது. குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின. அப்படத்தின் நெகட்டிவ் அண்மையில் என் கைக்கு வந்தது.

அது 56 மில்லிமீட்டர்ச் சதுரம். ஒரு பிள்ளைக்கு அதில் 4 மில்லிமீட்டர் அகலந்தான். முகங்கள் தெளிய வேண்டுமாயின் மிக நுண்மையாகப் படியெடுத்தல் வேண்டும். ஆகவே நெகட்டிவை ஒளிப்பலகை மீது வைத்து, நான்கு துண்டுகளாகக் கேமராவில் எடுத்து, கணினியில் இணைத்தேன். கூரை விளிம்பு மட்டும் ஓரிடத்தில் இரட்டித்துத் தெரிந்தது. அதைச் சிறு குறையென விட்டுவிட்டேன். பெரிதாக அச்சிட்டு, மறைந்த என் வகுப்புத் தோழன் ஒருவனின் தாயாரிடம் கொண்டு சென்றேன். மகனின் படம் வேறொன்றும் அவரிடம் இல்லை.

நெடுநேரம் தேடியபின் நிமிர்ந்து, "தம்பி, என் பிள்ளையக் காணோமே!" என்றார்.

எண்ணிப் பார்த்தேன். 39 பேரே இருந்தனர். வரிசைக்கு ஒருவர் வீதம் மறைந்திருந்தனர்!

பிழை செய்த பிள்ளையைத் திருத்துமுன் பிழையின் காரணத்தை அறிக என்பது ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம். அதனையே இங்கும் கைக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதற்குற்றம் படச்சுருளின் வளைவு. நடு மேடாகவும் ஓரம் பள்ளமாகவும் இருந்தால் துண்டுகள் பொருந்தா. கண்ணாடியால் அழுத்தித் தட்டையாக்கினேன். வழுவழுப்பான பக்கம் சாதாரணக் கண்ணாடியில் பட்டால் நியூட்டன் வளையங்கள் தோன்றுமாதலின், அப்பக்கத்திற்குச் சொரசொரப்பான கண்ணாடியை இட்டேன்.

இரண்டாவது, கேமராவின் சாய்வு. நெகட்டிவ் இருக்குமிடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்தால், வில்லையின் பிம்பம் திரையின் நடுவில் விழவேண்டும். எனக்கு ஒதுங்கி விழுந்தது. கூரை இரட்டித்ததன் காரணம் புலனாயிற்று.

மூன்றாவதே பெருங்குற்றம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடம் 4 மில்லிமீட்டர் மட்டுமே. அதாவது ஒரே ஒரு பிள்ளையின் அகலம். எல்லாரும் வெள்ளைச் சட்டை. எல்லாரும் ஒரே உயரம். கணினி ஒருவனை அடுத்தவனென்று கொண்டு, இடைப்பட்டவனை விழுங்கிவிட்டது. இம்முறை ஆறு துண்டுகளாக எடுத்தேன். பக்கவாட்டில் 16 மில்லிமீட்டர் படிந்தது. நான்கு பிள்ளைகள் இரு துண்டிலும் சேர்ந்து நின்றபோது கணினிக்கு ஐயம் எழவில்லை.

இத்தொல்லை எனக்கு மட்டும் உரியதன்று. ருசிய நாட்டுப் புரோகுடின்-கோர்ஸ்கி வண்ணத்திற்காக ஒரே காட்சியை மூன்று வடிகட்டிகளின் வழியே அடுத்தடுத்து எடுத்தார். அவருடைய கண்ணாடி நெகட்டிவுகளை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் 1948இல் வாங்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றைக் கணினியில் பொருத்தியபோது, இடையே அசைந்த நீரும் மனிதரும் வண்ண நிழல்களாய்ப் பிரிந்து நின்றனர். ஆனால் அங்கே பிழை கண்ணுக்குத் தெரிந்தது. என் படத்திலோ பிள்ளைகளின் வரிசையில் தையலே தெரியவில்லை. ஒட்டுத் தெரியாத படம் உண்மையான படமென்று நம்பினேன்.

அதைவிடவும் நாணத்தக்க காரணம் ஒன்றுண்டு. முதற்படத்தில் என் முகம் இருந்தது. அதைக் கண்ட மகிழ்ச்சியில் மற்றவரை நான் எண்ணவே இல்லை.

புதிய படத்தை 42 பேரையும் எண்ணிய பின்னரே எடுத்துச் சென்றேன். இரண்டாம் வரிசையில், எனக்கு மூன்றாமவனாய் அவன் நின்றிருந்தான். தாயார் அவன் மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை.