இரண்டு கூரைகள்

சென்ற ஆண்டு ஆறு மாத காலம் எமது மகளின் வீட்டிலே தங்கியிருந்தோம். மகள் மணம் முடித்து வாழ்வது ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில். மருமகன் அந்நாட்டவர். அவருடைய முன்னோர் டென்மார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவருடைய தாயார், அதாவது எமது சம்பந்தி அம்மையார், எண்பத்திரண்டு வயது கடந்தவர். காலை வேளைகளில் வெயில் படும் யன்னலோரத்தில் அவரும் நாமும் அமர்ந்து கோப்பி அருந்துவது வழக்கமாயிற்று.

ஒரு நாள் அவர் தமது பெட்டகத்திலிருந்து சிறியதொரு புத்தகத்தை எடுத்து வந்து எமது கையில் வைத்தார். கறுத்துத் தேய்ந்த தோலட்டை. உள்ளே டேனிய மொழியிலமைந்த கோவிற் பாட்டுகள்.

“என் பாட்டனார் கப்பலேறி வந்தபோது கொண்டு வந்தது இது ஒன்றுதான். முதற் பக்கத்திலுள்ள பெயர் அவருடைய தகப்பனாருடையது என்பார்கள். ஆனால் எங்கள் குடும்பப் பெயர் அதுவல்லவே!” என்றார்.

பின்பு குரலைத் தாழ்த்திக்கொண்டு மற்றதையும் சொன்னார். பாட்டனார் ஊரிலே ஏதோ குற்றஞ் செய்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டு ஓடி வந்தவர் என்றொரு பேச்சு மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தில் இருந்து வருகின்றது. களவு என்பர் சிலர். கடன் என்பர் சிலர். அந்த மனிதரோ சாகும் வரையில் தமது ஊரைப் பற்றி வாய் திறந்ததில்லை.

“நல்லதோ கெட்டதோ, நான் கண்ணை மூடுவதற்கு முன் அறிந்துகொள்ள வேண்டும். உங்களுக்குப் பழைய கடதாசிகள் பழக்கம் அல்லவா?” என்று கேட்டார் அம்மையார்.

உண்மைதான். காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது ஆண்டுகள் இலிகிதராய் இருந்து, பழைய உறுதிகளைப் புரட்டியே எமது கண்பார்வையைத் தேய்த்தவர்கள் நாம். புத்தகத்தின் முதற் பக்கத்தைப் பார்த்தோம். அடுத்த கணமே எமக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டேனிய நாட்டுப்புறத்திலே குடும்பப் பெயர் என்பது பழங்காலத்தில் இல்லை. ஹான்ஸ் என்பவருக்கு யென்ஸ் என்றொரு மகன் பிறந்தால் அவன் யென்ஸ் ஹான்சன்; அந்த யென்சுக்கு நீல்ஸ் என்றொரு மகன் பிறந்தால் அவன் நீல்ஸ் யென்சன். பெண்ணானால் ‘மகள்’ என்ற சொல் சேரும். இவ்வாறு தலைமுறைதோறும் பெயரின் வால் மாறிக்கொண்டே வரும். குடும்பப் பெயரொன்றை நிலையாக வைத்துக்கொள்ளுமாறு 1828 ஆம் ஆண்டிலும், மறுபடி 1856 ஆம் ஆண்டிலும் அரசாங்கம் கட்டளையிட்டது. கிராமத்து மக்கள் அதனை எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. எனவே தகப்பனின் பெயரும் மகனின் பெயரும் ஒரே வாலைக் கொண்டிருந்தாற்றான் ஆச்சரியப்பட வேண்டும்!

யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தகப்பன் பெயரை முன்னால் வைத்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அது கழன்று விழுந்து விடுகிறது. பாட்டுப் புத்தகத்திலிருந்த முதற் பெயரோடு ‘சன்’ என்பதைச் சேர்த்தால் சம்பந்தி அம்மையாரின் குடும்பப் பெயர் வந்து நின்றது.

“அப்படியானால் அவர் பெயரை மாற்றவில்லையா?” என்றார் அம்மையார்.

“இல்லை அம்மா. தலைமுறைதோறும் மாறி வந்த பெயரை இந்த நாட்டுக்கு வந்த பின் மாற்றாமல் நிறுத்திக்கொண்டார். அவ்வளவுதான்.”

அவர் சிறிது நேரம் யோசித்தார். “அது அந்த நாட்டு வழக்கம் என்கிறீர்கள். என் பாட்டனாரும் அப்படித்தான் என்பதற்குச் சாட்சி என்ன?” என்று கேட்டார். கந்தோரிலே எமக்கு மேலிருந்த உத்தியோகத்தர் எவரும் இதைவிடச் சரியான கேள்வியைக் கேட்டதில்லை. அன்றே தேடலைத் தொடங்கினோம்.

காணி உரித்தைத் தேடுபவனுக்கு ஒரு விதி உண்டு. கையிலுள்ள உறுதியிலிருந்து பின்னோக்கியே போக வேண்டும். எங்கோ ஒரு பழைய பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னோக்கி வரலாகாது. டேனியர் விடயத்தில் இவ்விதி இன்னும் முக்கியமானது. ஹான்சன், யென்சன், நீல்சன் என்னும் பெயருடையோர் அங்கே ஆயிரமாயிரம் பேர். பெயரொத்த வேறொருவரைப் பாட்டனாக்கிக் கொள்வது மிக எளிது.

முதலில் 1900 ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டைப் பார்த்தோம். பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டுக்குள் வந்த ஆண்டும் அதிலே கேட்டு எழுதப்பட்டுள்ளன. பாட்டனார் பிறந்தது 1859 ஒக்டோபர், வந்தது 1882. அதற்கு முந்திய 1890 ஆம் ஆண்டு மதிப்பீட்டைத் தேடுவதிற் பயனில்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் அரசாங்கக் கட்டடமொன்றில் மூண்ட தீயினால் அதன் பெரும்பகுதி அழிந்தோ பழுதடைந்தோ போயிற்று. அதற்குப் பிரதி இருக்கவில்லை. ஒரு கூரையின் கீழிருந்தது அந்தக் கூரையோடு போயிற்று.

“எல்லிஸ் தீவிலே அதிகாரிகள் பெயரை மாற்றியிருப்பார்களோ?” என்று மருமகன் கேட்டார். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வழங்கும் கதை இது. எல்லிஸ் தீவு திறக்கப்பட்டதே 1892 ஆம் ஆண்டிற்றான். பாட்டனார் வந்த காலத்தில் நியூயோர்க்கில் இறங்கியவர்களைக் காசில் கார்டன் என்ற இடத்திலேயே வரவேற்றனர். எல்லிஸ் தீவின் அதிகாரிகளுங்கூடப் புதுப் பெயர் சூட்டுபவர்கள் அல்லர். கப்பற்காரர் கொண்டு வந்த பட்டியலைப் பார்த்துச் சரிபிழை பார்த்தவர்களே.

அடுத்தது காணி. 1862 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியேறியவருக்கு 160 ஏக்கர் அரசாங்க நிலம் கிடைத்தது. ஐந்து ஆண்டுகள் அங்கே குடியிருந்து பயிர் செய்ததை அயலவர் இருவரின் சாட்சியத்தோடு நிறுவ வேண்டும். அப்பத்திரங்கள் வாஷிங்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. பிரதி பெற்றோம். புற்றரையைக் கட்டிகளாக வெட்டி அடுக்கிக் கட்டிய வீடு, ஒரு கிணறு, நாற்பது ஏக்கர் உழுத நிலம் என்று அயலவர்கள் சொல்லியிருந்தனர். கூடவே பிரசாவுரிமைப் பத்திரமும் இருந்தது. டென்மார்க் மன்னராகிய ஒன்பதாம் கிறிஸ்டியனுக்குரிய விசுவாசத்தைக் கைவிடுவதாகச் சத்தியம் செய்திருந்தார். மன்னரின் பெயர் இருந்தது. ஊரின் பெயர் இல்லை.

ஊர் தெரியாவிட்டால் டென்மார்க்கிலே ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாது. அங்கே பிறப்பு, இறப்பு, திருமணம் யாவும் கோவிற்பற்று வாரியாகவே பதியப்பட்டன.

ஒமாஹாவிலிருந்து கிழக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், அயோவா மாநிலத்தில் எல்க் ஹோர்ன் என்றோர் ஊர் உண்டு. டேனியர் குடியேறி உண்டாக்கிய ஊர். 1848 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியிலே கட்டப்பட்ட காற்றாலையொன்றை 1976 ஆம் ஆண்டில் துண்டு துண்டாகக் கழற்றிக் கொண்டு வந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். டேனிய அமெரிக்கருக்கான நூதனசாலையும், வமிசாவளி தேடுவோருக்கு உதவும் நிலையமும் அவ்வூரிலேயே உள்ளன. சம்பந்தி அம்மையாரையும் உடன் அழைத்துச் சென்றோம்.

பாட்டனாரின் குடும்பம் எந்தக் கோவிலைச் சேர்ந்தது என்று அங்கே கேட்டார்கள். கேள்விக்குக் காரணம் இருந்தது. அமெரிக்க டேனியரின் லூத்தரன் சபை 1894 ஆம் ஆண்டில் இரண்டாகப் பிளந்தது. பாட்டும் நடனமும் தாய்மொழியும் வேண்டுமென்றவர்கள் ஒரு புறம். உலக இன்பங்களை விட்டு மனந்திரும்ப வேண்டுமென்றவர்கள் மறுபுறம். ‘மகிழ்ச்சியான டேனியர்’, ‘பரிசுத்தமான டேனியர்’ என்று ஊரார் அவர்களுக்குப் பெயரிட்டனர். “என் பாட்டனார் சிரித்ததை நான் கேள்விப்பட்டதில்லை. பரிசுத்தரிடம் தேடுவோம்” என்றார் அம்மையார். ஆனால் நுண்படச் சுருளில் அவர் பெயர் மகிழ்ச்சியானவர்களின் ஏட்டிலேயே அகப்பட்டது! பெயருக்கு நேரே, பிறந்த கோவிற்பற்றின் பெயரையும் அந்த ஊர்ப் போதகர் எழுதி வைத்திருந்தார்.

அதன் பின் கடல் கடப்பது எளிதாயிற்று. ஏமாற்றுக்கார முகவர்களிடமிருந்து பயணிகளைக் காப்பதற்காக டென்மார்க்கில் 1868 ஆம் ஆண்டு ஒரு சட்டம் ஆக்கினர். அதன்படி வெளியேறுவோரின் பயண ஒப்பந்தங்களைக் கோப்பன்ஹேகன் பொலிசார் பதிந்து வைத்தனர். டேனியர் மிகுதியாக வெளியேறிய ஆண்டு 1882. அவ்வாண்டின் நீண்ட பட்டியலிலே பாட்டனாரின் பெயர், வயது, கடைசியாக வாழ்ந்த இடம் எல்லாம் இருந்தன. தொழில், பண்ணை வேலையாள். ஊர், எல்க் ஹோர்னிலே கண்ட அதே ஊர். பெயரும் அதே பெயர். மறைந்து ஓடுபவன் பொலிசாரின் புத்தகத்தில் தன் சொந்தப் பெயரைக் கொடுத்துவிட்டா போவான்?

“ஆகவே அவர் கள்வரல்லர்,” என்றார் அம்மையார். மூன்று தலைமுறைப் பழி அந்த ஒரு வரியிலே தீர்ந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஞானஸ்நானப் பதிவைக் காணாமல் விட அவருக்கு மனமில்லை.

டென்மார்க் நாட்டின் கோவிற் பதிவேடுகளை இன்று எவரும் இணையத்திற் செலவின்றிப் பார்க்கலாம். அவற்றைப் பற்றிய ஒரு விதி எம்மை வியக்க வைத்தது. 1814 ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பதிவேடும் இரு பிரதிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்றைப் போதகர் எழுதுவார். மற்றதைக் கோவில் எழுத்தர் எழுதுவார். அவ்விரு புத்தகங்களும் ஓர் இரவேனும் ஒரே கூரையின் கீழ் இருத்தலாகாது. தீக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு.

போதகரின் புத்தகத்தில் 1859 ஒக்டோபர்ப் பக்கத்தைத் திறந்தோம். ஈரம் ஊறி மை கலைந்து கிடந்தது. குழந்தையின் பெயர் தெரிந்தது. அடுத்த கட்டம் வெறும் கறை. எழுத்தரின் பிரதியைத் திறந்தோம். பழைய கோணல் எழுத்தாயினும் தெளிவான கை. எல்க் ஹோர்ன் நிலையத்தாரின் உதவியோடு சொல் சொல்லாக வாசித்தோம்.

தாய், மணமாகாத பணிப்பெண், வயது இருபத்திரண்டு. குழந்தை பிறப்பதற்குப் பத்து மாதங்களுக்கு முன்பு அவள் எந்தப் பண்ணையில் வேலை செய்தாள் என்பதுகூட எழுதப்பட்டிருந்தது. மணமின்றிப் பெற்றவளிடம் அதையும் கேட்டு எழுதுவது அக்காலத்து முறை. தந்தையென அவள் சொன்ன பெயரும் இருந்தது. பாட்டுப் புத்தகத்தின் முதற் பக்கத்திலிருந்த அதே பெயர்.

அம்மையாரின் முகத்தைப் பார்க்க எமக்குத் துணிவில்லை. ஒரு பழியைத் தீர்க்கப் போய் இன்னொன்றைத் தோண்டியெடுத்து விட்டோமே என்று மனம் குறுகியது.

அவர் கேட்டதோ வேறு. “பிறகு அவள் என்ன ஆனாள்?”

டென்மார்க்கின் குடிசன மதிப்பீடுகளைத் தேடினோம். 1860 இல் குழந்தை தாயின் பெற்றோரது குடிசையில். அவளோ வேறொரு பண்ணையில் வேலைக்காரி. 1880 இல் அவள் தையல் வேலை செய்பவள், மணமாகாதவள்; மகனும் அவளும் ஒரே வீட்டில். 1890 இல் அதே வீடு. அவள் மட்டும்.

நெடுநேரம் அம்மையார் ஒன்றும் பேசவில்லை. பின்பு பாட்டுப் புத்தகத்தை வாங்கி, முதற் பக்கத்தை விரித்து, ஒரு பேனா கேட்டார். தகப்பனாரின் பெயருக்குக் கீழே நடுங்கும் கையால் அந்தத் தாயின் பெயரை எழுதினார்.

“தகப்பன் பெயரைப் பற்றியே எண்பது வருடம் பேசிக்கொண்டிருந்தோம். இவளுக்கு ஒரு பெயர் இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை,” என்றார்.

அப்பெயரை நாம் இங்கே எழுதவில்லை. அது அந்தக் குடும்பத்துக்கு உரியது.

ஊருக்குத் திரும்பிய பின் அந்த இரண்டு புத்தகங்களின் நினைவு எம்மை விடவில்லை. 1981 ஆம் ஆண்டில் எமது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் சாம்பராயின. ஒரு நாட்டில் அரசாங்கமே இட்ட அந்தச் சிறு கட்டளையை, எமது வீட்டளவிலேனும் நாமே எமக்கு இட்டுக்கொள்ளலாகாதா?

ஒரு மாரிகால இரவிலே எமது துணைவியாரும் நாமும் விளக்கருகில் அமர்ந்து, நினைவுக்கெட்டிய பெயர்களையெல்லாம் எழுதினோம். எமது பாட்டனாரின் பெயர் உடனே வந்தது. அவருடைய தகப்பனாரின் பெயரும் வந்தது. பாட்டனாரைப் பெற்ற தாயாரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. மறுநாட் காலையில் தொண்ணூறு வயதுப் பெரியம்மாவைத் தேடிச் சென்று கேட்டோம். அவர் கண்களை மூடி யோசித்து, மெல்லச் சொன்னார்.

இரண்டு கொப்பிகளில் எழுதி முடித்தோம். ஒன்று எமது அலுமாரியில் இருக்கின்றது. மற்றது தங்கை வீட்டில், வேறொரு கூரையின் கீழ்.