சலோனில் தேறாத படம்

எங்கள் வீரசோழன் பக்கம் 'சலோன்' என்று சொன்னால் முடிவெட்டும் கடையைத்தான் நினைப்பார்கள். போட்டோ பிடிப்பவர்களுக்கு அது வேறு. வந்து சேரும் படங்களில் நடுவர்கள் தேர்ந்தெடுத்ததை மட்டும் மாட்டி வைக்கும் கண்காட்சிக்கு சலோன் என்று பெயர். பாரிஸ் நகரத்து ஓவியக் கண்காட்சியிலிருந்து வந்த பெயர் இது. அங்கே 1863-ல் நடுவர்கள் பாதிக்கு மேற்பட்ட படங்களைத் தள்ளிவிட்டார்கள். ஓவியர்கள் கூச்சல் போட்டதும், தள்ளிய படங்களுக்கென்றே தனிக் கண்காட்சி வைக்கும்படி மூன்றாம் நெப்போலியன் உத்தரவு போட்டார். எதுவார் மானே வரைந்த படம் ஒன்று அதில்தான் மாட்டப்பட்டது. பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். இன்று அதே படத்தைப் பார்க்க உலகத்து ஜனங்கள் பாரிசுக்குப் போகிறார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதல்ல. 1855-ல் சென்னையில் நடந்த பெரிய கண்காட்சியில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியின் படங்களுக்கு நடுவர்கள் முதல் தரப் பதக்கம் கொடுத்தார்கள். பிறகு 1858-ல் மதுரைக் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் அவர் எடுத்த படங்கள் புத்தகமாக வந்தன. ஆக, படத்துக்கு மார்க் போடும் பழக்கம் இங்கே 170 வருஷப் பழசு.

நான் தபால் துறையில் இருந்தவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு பழைய கேமரா வாங்கி, மதுரையில் ஒரு கேமரா கிளப்பில் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் வசதி இல்லை. கறுப்பு வெள்ளையில் பெரிதாக பிரிண்ட் போட்டு, ஒரு பிரிவுக்கு நாலு படம் என்று அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, பார்சலில் அனுப்ப வேண்டும். சில மாதம் கழித்து படங்கள் திரும்பி வரும். தேறிய படத்தின் முதுகில் அந்த சலோனின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கூடவே ஒரு மார்க் சீட்டு. உலக அளவில் 'பியாப்' என்ற கூட்டமைப்பு 1950-லும், இந்தியாவுக்கான கூட்டமைப்பு 1953-லும் ஏற்பட்டவை. அவர்கள் அங்கீகரித்த சலோன்களில் இத்தனை படம் தேறினால் இன்ன பட்டம் என்று கணக்கு உண்டு. பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு முறை மதுரையில் நடந்த தேர்வில் பிரிண்டை எடுத்து ஸ்டாண்டில் வைக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. எப்படித் தேர்வு நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தவர் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஒருவருக்கொருவர் பேசவும் கூடாது. படத்தை வைப்பேன், சில விநாடிகள் பார்ப்பார்கள், ஒவ்வொருவரும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மார்க் போடுவார்கள். அடுத்த படம். சாயங்காலத்துக்குள் நூற்றுக்கணக்கில் முடிக்க வேண்டுமே! ஒரு வருஷம் காத்திருந்து எடுத்த படமானாலும், போகிற போக்கில் எடுத்த படமானாலும் அந்தச் சில விநாடிதான்.

மொத்தம் 15 மார்க். எத்தனை மார்க்குக்கு மேல் தேர்ச்சி என்பது முன்கூட்டித் தெரியாது. எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, மாட்டுவதற்கு எத்தனை படம் வேண்டும் என்று பார்த்துக் கோடு போடுவார்கள். நாலில் ஒன்றோ மூன்றில் ஒன்றோ தேறும். கோடு 11-ல் விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு, நாலு, மூன்று வாங்கிய படம் உள்ளே. நாலு, மூன்று, மூன்று வாங்கியது வெளியே. ஒரே ஒரு மார்க்தான். வாசலில் நின்றதற்கும் கூடத்தில் உட்கார்ந்ததற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து ஒரு நடுவர் உருகிப்போய் ஐந்து போடுகிறார். மற்ற இருவருக்கும் பிடிபடவில்லை, ஆளுக்கு இரண்டு. மொத்தம் ஒன்பது. அந்தப் படம் போயிற்று. யாரும் உருகாத, யாரும் முகம் சுளிக்காத படம் 11 வாங்கி உள்ளே வந்துவிடுகிறது. நடுவர்கள் மேல் தப்பில்லை. கூட்டல் கணக்கின் குணம் அப்படி. அதனால்தான் ஒரு சலோனில் தள்ளிய படம் இன்னொரு ஊரில் மெடல் வாங்குவதும் நடக்கிறது.

பிரிவுக்குப் பிரிவு சட்டமும் மாறும். இயற்கைப் பிரிவில், சொல்ல வந்த விஷயத்துக்குத் தேவையாக இருந்தாலொழிய, மனிதன் கைபட்ட பொருள் தெரியக் கூடாது. முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்களில் கருவேல மரத்தில் நாரைகள் கூடு கட்டுகின்றன. அருமையான இடம். ஆனால் பின்னால் கரண்டு கம்பி ஒன்று குறுக்கே ஓடினால் சிக்கல்தான். கம்ப்யூட்டரில் கம்பியை அழிக்கவும் கூடாது. ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம், இருப்பதை எடுக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது.

சில விநாடியில், நம் ஊரே தெரியாத மூன்று பேருக்குப் புரிய வேண்டும் என்றால் எப்படிப்பட்ட படம் வேண்டும்? வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழ வேண்டும். கண் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். புழுதியோ புகையோ இருந்தால் இன்னும் நல்லது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அதையே தேடிப் போகிறார்கள். என் தங்கை பேரன் போன வருஷம் நண்பர்களோடு நரிக்குடி ரோட்டில் ஆட்டுக்கிடையைப் படம் எடுக்கப் போனான். புழுதி போதவில்லை என்று மந்தையைத் திரும்பவும் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தடவை ஓட்டிய கீதாரி மூன்றாம் தடவை, "ஏ தம்பி, ஆடு மேயணுமா, ஒங்களுக்கு ஆடணுமா?" என்று கேட்டுவிட்டுத் தன் வழியே போய்விட்டார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரிய இடங்களிலும் இது உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் கானுயிர்ப் படப் போட்டியில், 2009-ல் வேலி தாண்டும் ஓநாய் படத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். அது காட்டு ஓநாய் அல்ல, பழக்கி வளர்த்த ஓநாய் என்று முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். நடுவர் கண்ணுக்கென்று படம் எடுக்க ஆரம்பித்தால் கடைசியில் ஓநாயும் நடிக்க வேண்டியதாகிவிடுகிறது.

என் படங்களில் அதிகம் தேறியது ஒரு கரிமூட்டப் படம். சீமைக்கருவேலை அடுக்கி மண் பூசி மூட்டம் போட்டிருக்கிறார்கள். புகைக்கு நடுவே ஒருவர் மண்வெட்டியோடு நிற்கிறார், பின்னால் சூரியன். மூன்று சலோனில் ஸ்டிக்கர் வாங்கியது. அதில் இருந்தவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நான் எங்கய்யா இருக்கேன்? வெறும் கருப்பாவுல்ல தெரியுது" என்றார்.

தேறாத படம் ஒன்றும் உண்டு. 1990-களில் நல்ல மழை பெய்த ஒரு வருஷம், பக்கத்து ஊர்க் கண்மாயில் மடை திறந்த நாள். ஊர் நீர்பாய்ச்சி முங்கி, உள்ளே இருக்கும் அடைப்பை எடுத்துவிட்டு மேலே வருகிறார். தலையும், மடைக்கல்லைப் பிடித்த ஒரு கையும்தான் தண்ணீருக்கு மேலே தெரியும். கரையில் இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தேங்காய் பழத்தோடு ஒரு கிழவி, இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்த ஒருவர். மார்க் இரண்டு, இரண்டு, மூன்று. "கண் எங்கே நிற்பதென்று தெரியவில்லை" என்றார் ஒரு நடுவர். அவர் சொன்னது வாஸ்தவம். மடை என்றால் என்ன, அந்த ஆள் மேலே வருவதற்கு ஊர் ஏன் அப்படிக் காத்து நிற்கிறது என்று தெரியாதவருக்கு அதில் கண் நிற்க இடமில்லைதான்.

சலோனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. படத்தின் நாலு மூலையையும் பார்க்க, வெளிச்சத்துக்குக் காத்திருக்க, வேண்டாததை விலக்க அதுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பேரனிடமும் தொடர்ந்து அனுப்பு என்றுதான் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: நடுவர் கேட்பதற்காக எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும், ஊருக்காக ஒன்று எடுக்க வேண்டும். யார், எந்த இடம், என்ன வருஷம் என்று எழுதியும் வைக்க வேண்டும். முதலாவதற்கு மூன்று பேர் மார்க் போடுவார்கள். இரண்டாவதற்கு மார்க் விழ முப்பது வருஷம் ஆகும்.

அந்த மடைக்கு இப்போது இரும்பு ஷட்டர் போட்டு, சக்கரத்தைச் சுற்றித் திறக்கிறார்கள். முங்குவதற்கு ஆள் தேவையில்லை. நீர்பாய்ச்சி காலமாகிவிட்டார். திருப்பூரில் வேலை பார்க்கும் அவர் பேத்தி, தாத்தாவின் படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்று யாரோ சொல்லித் தேடி வந்தாள். நெகட்டிவிலிருந்து புதிதாக பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அவள் சில விநாடியில் பார்த்து முடிக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, கரையில் நின்ற ஒவ்வொருவரையும் விரல் வைத்து, "இது யாரு, இது யாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். மீதிப் பேரை என் மனைவி சொன்னாள்.