முதல் கேக் கணக்கில் இல்லை!

திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மே மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. அசோசியேஷன் ஹாலில் இரண்டு நீள மேஜைகள். அவற்றைச் சுற்றி 13 முதல் 16 வயது வரை உள்ள 12 பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு கப்கேக், கிரீம் நிரப்பிய ஒரு பைப்பிங் பேக், கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிங்கிள்ஸ்.

சொல்லிக்கொடுக்க நின்றவர், அதே குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வீட்டிலேயே கேக் செய்து விற்கும் 43 வயதுப் பெண். அங்கே எல்லோருக்கும் அவர் 'கேக் ஆன்ட்டி'.

முந்தைய வருடம் சின்னக் குழந்தைகளுக்கு இதே வகுப்பை நடத்தியிருந்தார். அவர்களோடு பிரச்னையே இல்லை. கிரீமைப் பிதுக்கி, ஸ்பிரிங்கிள்ஸை அள்ளிக் கொட்டி, "என்னோடதுதான் சூப்பர்" என்று கத்திவிட்டு, சாப்பிட்டு முடித்து ஓடிவிட்டார்கள். டீன் ஏஜ் பிள்ளைகளும் அப்படித்தான் இருப்பார்கள், கொஞ்சம் உயரம் கூடுதல், அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்.

முதலில் ஒரு ரோஜாவைப் போட்டுக் காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இதே மாதிரி போடுங்க பார்க்கலாம்" என்றார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், ஹாலில் பேச்சே இல்லை. பாதிப் பேர் தங்கள் கேக்கைக் கையால் மறைத்தபடி பக்கத்தில் இருப்பவரின் கேக்கை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் "எனக்கு இதெல்லாம் வராது ஆன்ட்டி" என்று மொபைலை எடுத்துவிட்டார்கள்.

மேஜைக் கோடியில் ஒரு பெண். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள். "ரூமை விட்டு வெளியவே வர மாட்டேங்குறா, அதான் சேர்த்துவிட்டேன்" என்று அம்மா கொண்டுவந்து விட்டுப்போனவள். அவள் போட்ட ரோஜா ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு விநாடி அதைப் பார்த்தாள். கேக்கை டிஷ்யூ பேப்பரில் சுற்றினாள். எழுந்து போய்க் குப்பைத்தொட்டியில் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, இரண்டாவது கேக்கைத் தொடவே இல்லை.

கோபமில்லை, அழுகையில்லை. யாரும் பார்ப்பதற்குள் தப்பை மறைப்பது கைக்குப் பழகிப்போன வேலைபோல இருந்தது. அதுதான் ஆன்ட்டியை உறுத்தியது.

அன்று இரவு ஒரு பிறந்தநாள் ஆர்டர். அரை கிலோ சாக்லேட் கேக். டின்னிலிருந்து கவிழ்க்கும்போது ஓரம் கொஞ்சம் உடைந்தது. இதற்கு அவரிடம் பழகிய வழி உண்டு. யாருக்கும் காட்டாமல் உடைந்ததைக் கவரில் போட்டுக் கட்டிவிட்டு, மறுபடி புதிதாக ஒன்றைச் செய்வார். அன்றும் கவரை எடுத்துவிட்டார். முடிச்சுப் போடும்போதுதான் காலையில் பார்த்த டிஷ்யூ பேப்பர் நினைவுக்கு வந்தது. எட்டு வருடமாக இந்தத் தொழில் செய்கிறார். தன் மகனே ஒரு தடவைகூடத் தன் கேக் உடைந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவிழ்த்தார். உடைந்த கேக்கைத் தட்டில் வைத்து, ஹாலில் இருந்த மகனைக் கூப்பிட்டார். "என்னம்மா, கேக் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டவன், ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, பாதியைத் தின்று தீர்த்தான்.

அடுத்த சனிக்கிழமைக்கு அவர் வேறு மாதிரி தயாரானார்.

முதல் வேலை, கிரீம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் உருகத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் திருச்சி ஹாலின் சூடு அதைத் தாண்டியது. பதற்றத்தில் பேக்கை இறுக்கிப் பிடிக்கும் பிள்ளைகளின் உள்ளங்கைச் சூடும் அதோடு சேர்ந்துகொள்ளும். அப்படியென்றால் முதல் வாரம் சாய்ந்த ரோஜாக்களில் பாதி, பிள்ளைகளின் தப்பே இல்லை. அவர்களுக்கு அது தெரியாது. அவரும் சொல்லவில்லை. இந்த முறை வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சுகர் இரண்டு பங்கு என்ற கணக்கில், 750 கிராம் வெண்ணெய்க்கு ஒன்றரை கிலோ ஐசிங் சுகர் சேர்த்து அடித்தார். தண்ணீராக இருக்கும் கலர் கிரீமை இளக்கிவிடும் என்பதால் ஜெல் கலர். பேக்கில் பாதிக்கு மேல் நிரப்பவில்லை. ஆளுக்கு இரண்டு பேக். ஒன்று கையில் இருந்தால் இன்னொன்று ஐஸ் பெட்டியில். கேக்குகளை முந்தின நாளே செய்து நன்றாக ஆறவிட்டார். சூடு துளி இருந்தாலும் கிரீம் வழுக்கிவிடும்.

இரண்டாவது வேலை, வீடுகளுக்கு போன் போட்டு யாருக்கு முட்டை ஆகாது, யாருக்கு நட்ஸ் அலர்ஜி என்று கேட்டது. நான்கு பேர் முட்டை சாப்பிடாதவர்கள். அதனால் எல்லோருக்குமே தயிரும் பேக்கிங் சோடாவும் சேர்த்த முட்டையில்லாத கேக். உனக்கு மட்டும் தனி என்று யாரையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் முக்கியம். ஆளுக்கு மூன்று கப்கேக். வகுப்பு தொடங்கியதும் சொன்னார். "முதல் கேக் கணக்கில் இல்லை. அதைக் கெடுக்கணும். நல்லா வந்தா ஃபெயில். ரெண்டாவது உங்களுக்கு. மூணாவது வேற யாருக்காவது. போனெல்லாம் இந்தக் கூடையில போடுங்க, கடைசிப் பத்து நிமிஷம் தர்றேன். பரிசு கிடையாது. மார்க் கிடையாது."

எல்லோர் முன்னாலும் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அதன் முதுகில்தான் பயிற்சி. பிழியலாம், வழிக்கலாம், மறுபடி பேக்கில் போட்டுப் பிழியலாம். "முறுக்குப் பிழியுற மாதிரிதான். ஒரு கை அழுத்தணும், இன்னொரு கை வழி காட்டணும்" என்றார். மெஹந்தி போடத் தெரிந்த ஒரு பெண் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பக்கத்துப் பையனுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள்.

'சூப்பர்', 'வெரிகுட்' என்று ஆன்ட்டி யாரையும் பாராட்டவில்லை. இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பொய்ப் பாராட்டு உடனே தெரிந்துவிடும். "நாஸிலைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடி", "முடிக்கும்போது அழுத்தறதை நிறுத்திட்டு அப்புறம் இழு" என்று செய்ய முடிந்த ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். யாருடைய பேக்கையும் வாங்கித் தானே போட்டுத் தரவில்லை. கை பரபரத்தது. கட்டிக்கொண்டார்.

பதினொரு மணிக்கு கரன்ட் போனது.

ஏசி நின்றது. அப்போது அவர் எல்லோருக்கும் தெரிய ஒரு கேக்கின் மேல் ரோஜா போட்டு முடித்திருந்தார். ஐந்தே நிமிடத்தில் இதழ்கள் மினுமினுத்தன. மெதுவாக ஒரு பக்கமாக இறங்கின. வழித்தெடுத்துவிட்டு வேறு போடலாம் என்று ஸ்பேட்டுலாவுக்குப் போன கையை நிறுத்திக்கொண்டார்.

"ஆன்ட்டி, ரோஸ் இறங்குது!"

"ஆமா, இறங்குது. என்ன பண்ணலாம்?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மேஜைக் கோடியிலிருந்து அந்தப் பெண்ணின் குரல் வந்தது. "செம்பருத்தி மாதிரி இருக்கு ஆன்ட்டி. வாடின செம்பருத்தி."

ஹாலே சிரித்தது. அவளும் சிரித்தாள். எழுந்து வந்து, பச்சை கிரீம் பேக்கை எடுத்து, இறங்கிய பூவுக்குக் கீழே இரண்டு இலை போட்டாள். இப்போது பூ விழவில்லை, இலைமேல் சாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு கையால் மறைத்துக்கொண்டு யாரும் கேக் போடவில்லை. யாருடைய முதல் கேக் கேவலமாக இருக்கிறது என்று பெரிய போட்டியே நடந்தது.

கரன்ட் வர இருபது நிமிடம் ஆனது. ஐஸ் பெட்டியிலிருந்து புது பேக்குகள் வந்தன. அவள் தட்டின் முதுகில் திரும்பத் திரும்பப் பிழிந்து வழித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது கேக்கில் ரோஜா போடவில்லை. சின்ன வட்ட நாஸிலால் 'அம்மா' என்று எழுதினாள்.

பன்னிரண்டு மணிக்கு அவள் அம்மா வந்தார். கேக்கை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. மறுநொடியே, "புள்ளி தள்ளிப் போயிருக்கே. மேல வரணும்ல?" என்றார். சரிசெய்ய விரலும் நீண்டது.

கேக் ஆன்ட்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ என்று பயந்தார். அந்த அம்மாமீது குறையில்லை. ஹோம்வொர்க் நோட்டிலிருந்து கோலம் வரை, பிள்ளைகள் செய்த எதைப் பார்த்தாலும் தப்பு இருக்கும் இடத்துக்கே நம் கண் முதலில் போகிறது. அன்பு இல்லாமல் இல்லை, அப்படியே பழகிவிட்டோம்.

அந்தப் பெண் கேக்கைத் திரும்பப் பிடுங்கவில்லை. குப்பைத்தொட்டிப் பக்கம் பார்க்கவுமில்லை.

"தெரியும்மா. உருகிடும், சாப்பிடு."

அம்மா ஒரு விநாடி மகளைப் பார்த்தார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, புள்ளி இருந்த பக்கத்தைக் கடித்தார். மீசைபோல உதட்டுக்கு மேல் கிரீம் ஒட்டியது. மகள் கூடையிலிருந்து தன் போனை எடுத்து அதைத்தான் போட்டோ எடுத்தாள்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வர இன்னும் நாள் இருந்தது. அது எப்படி வரும் என்று அந்த ஹாலில் யாருக்கும் தெரியாது. ஒரு கப்கேக் அதை மாற்றப்போவதும் இல்லை.

எல்லோரும் போன பிறகு கேக் ஆன்ட்டி மேஜைகளைத் துடைத்தார். கடைசியாகக் குப்பைத்தொட்டியைக் காலி செய்யத் தூக்கியபோது உள்ளே பார்த்தார். கிரீம் துடைத்த டிஷ்யூக்கள். கேக் தின்று முடித்த காலி பேப்பர் கப்புகள். வேறொன்றும் இல்லை.